அம்மாவுக்குப் பிடிக்காத டோபி படம்

மூட்டைப்பூச்சியை நசுக்கினால் எழும் நாற்றம்தான் எனக்குச் சினிமா. மலாக்காவில் ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷத்தில், பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த படக்கொட்டகையின் பெண்கள் பகுதியில், மரப்பெஞ்சில் தொடையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்து பார்த்த படங்களின்மேல் எல்லாம் அந்த நாற்றமும், ஆண்கள் பக்கத்திலிருந்து மிதந்து வரும் ஓலைச் சுருட்டின் புகையும் படிந்து கிடக்கின்றன. அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அது பொற்காலம் என்றும், அந்தப் பாட்டும் நடிப்பும் இனி வராது என்றும் எழுதுகிறார்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தவள். பெரும்பாலான படங்கள் நன்றாகவே இல்லை. கிரீடத்துக்குக் கீழே வியர்வை வழிய, தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு, மரத்தடியில் ஒரே இடத்தில் நின்று எட்டுப் பாட்டுப் பாடும் ராஜகுமாரர்களைப் பார்த்துப் பத்து வயசுப் பெண்ணான எனக்கே அலுத்துப் போனது. ஆகாயத்தில் பறந்து வரும் தெய்வத்தின் இடுப்பில் கட்டிய கயிறு முதல் வரிசையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், என் அம்மாவைத் தவிர.

எங்கள் வீடு காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் இருந்தது. அப்பா நகரத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். குழாயைப் போலவே வேண்டிய நேரத்தில் மட்டும் வாயைத் திறக்கும் மனிதர். அம்மா பொன்னம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைத்தாள். கொட்டகைக்காரரின் வீட்டுத் துணிகளோடு, ஒருமுறை நடுவில் கிழிந்துபோன திரையையே பாயாக விரித்துப் போட்டுத் தைத்துக் கொடுத்ததால், பகல் ஆட்டத்துக்கு அவளையும் அவளோடு வருகிறவர்களையும் வாசலில் யாரும் தடுப்பதில்லை. அந்தத் தையல் திரையில் கோடாகத் தெரியும். எந்த நாயகன் முன்னால் வந்து நின்றாலும் அவன் கன்னத்தில் ஒரு தழும்பு விழும். கையில் கத்தியைப் பிடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் நான் வீரத் தழும்பு கொடுத்திருக்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

அம்மாவோடு எப்போதும் வருகிறவர் பக்கத்து வீட்டு பீபிக்; வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கம்போங் செட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வம்சம். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அவருக்குத் தமிழில் சாமி பெயர்களையும் பலகாரப் பெயர்களையும் தவிர அதிகம் தெரியாது; வீட்டில் மலாய்தான். ஆனால் தமிழ்ப் படம் என்றால் உயிர். திரையில் யாராவது வாயைத் திறந்தால் போதும், "ஆப்பா டியா சக்காப்?" என்று அம்மாவின் முழங்கையை இடிப்பார். என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். அம்மா மலாயில் சொல்ல ஆரம்பிப்பாள். சொல்வதோடு நிறுத்த மாட்டாள். இவன் இப்படிச் சொல்கிறான், ஆனால் பொய், இவனை நம்பி அவள் போகப் போகிறாள், போனால் காட்டில் மயக்கம் போட்டு விழப் போகிறாள், இந்தப் படங்களில் வரும் பெண்களுக்கு மயக்கம் போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்று தன் அபிப்பிராயத்தையும் சேர்த்தே மொழிபெயர்ப்பாள். சுற்றியிருந்த பெண்கள் முதலில் சத்தம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு படத்தை விட்டுவிட்டு அம்மாவைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

படம் பார்த்த மறுநாள் காலை "பைப்படி"யில், அதாவது சந்து முனையில் இருந்த பொதுக் குழாயடியில், அம்மாவின் தீர்ப்பு வெளியாகும். தண்ணீர் நிரம்பும் நேரத்துக்குள் கதையும் குறையும் சொல்லி முடித்துவிடுவாள். அப்படியானால் போக வேண்டாமா என்று யாராவது கேட்டால் மட்டும் அவள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "போய்ப் பாத்துட்டு வந்து திட்டுங்க." எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் அவள் ஒருவரையும் போகாதே என்று சொன்னதில்லை. கண் அவரவர்களுடையது, நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்பாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு வெள்ளைக்காரன் படங்கள் நின்றன. ஊரில் அகப்பட்டுக்கொண்ட பழைய தமிழ்ப் படங்கள் நாலைந்து திரும்பத் திரும்ப ஓடின. ஒவ்வொரு ஓட்டத்திலும் ரீல் அறுந்து அறுந்து, ஒட்ட ஒட்ட, கதையில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் படத்துக்கு முன்னால் ஜப்பான் படம் ஒன்று கட்டாயம் உண்டு. கொடி தெரிந்ததும் எழுந்து நிற்க வேண்டும்; நிற்காதவர்களின் கன்னத்தைக் கொட்டகைக் கோடியில் நிற்கும் சிப்பாய் பார்த்துக்கொள்வான். அந்தப் படங்களில் சண்டைக்குப் போகும் மகனை ரயிலடியில் வழியனுப்பும் தாய் ஒருத்தி வருவாள். மகன் செத்த செய்தி வரும். அவள் குனிந்து வணங்குவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. பீபிக் வழக்கம்போல முழங்கையை இடித்தார். இந்த முறை அம்மாவுக்கும் மொழி தெரியாது, ஆனாலும் சொன்னாள். மறுநாள் பைப்படியில் தமிழிலும் சொன்னாள்.

"பெத்தவ அழாம நிக்கிறான்னா, ஒண்ணு அவ பெத்தவ இல்ல, இல்லாட்டிப் படம் எடுத்தவன் பிள்ள பெத்தவன் இல்ல."

குடங்களோடு நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. சந்தின் இரண்டு கோடியையும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மாலை அப்பா, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, நீளமாகப் பேசினார். ஒரு படி அரிசிக்காக வாய்ச்சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், உன் அபிப்பிராயத்தைக் கொஞ்ச நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினார். வயிற்றில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இனிக் கோவிந்தன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு உறவு இல்லை. அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா. நாலு வீடு தள்ளி இருந்த "டோபி". வீட்டுப் பின்புறம் பெரிய பானைகளில் துணி அவித்து, முன்புறம் கரிப்பெட்டி வைத்துத் தேய்த்து, சந்தின் பாதி அகலத்துக்குக் கொடி கட்டிக் காயப் போட்டிருப்பார். சோப்பு கிடைக்காத அந்த நாள்களில் சாம்பல் தண்ணீரில் கசக்கிக் கசக்கி அவருடைய விரல் இடுக்குகள் வெந்துபோய், தோல் உரிந்து, வெள்ளையும் சிவப்புமாக இருக்கும். அவருடைய மனைவி அஞ்சலை அத்தை அதிகம் பேசாத, வேலை ஓயாத பெண். இரண்டு சின்னப் பிள்ளைகள்.

சுற்றி வந்த படங்களில் ஒன்றில் இளவரசன் ஒருவன் டோபி வேடத்தில் ஊரைச் சுற்றுவான். துணி மூட்டையோடு அரண்மனைக்குள் நுழைந்து சதியைக் கண்டுபிடிப்பான். கோவிந்தன் மாமாவுக்கு அது சாதாரணப் படம் இல்லை. டோபி ஒருவன் திரையில் நடுவில் நின்று பாடுகிறான், ராணி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது அவருக்குத் தாங்க முடியாத பெருமையாக இருந்தது. ஒன்பது தடவை பார்த்தார். தேய்க்கும்போது அந்தப் பாட்டைத்தான் முனகுவார்.

அம்மா ஒரு தடவைதான் பார்த்தாள். மறுநாள் பைப்படியில், மூணு மணி நேரத்தில் ஒரு துணிகூட நனையவில்லை, விரலில் அஞ்சு மோதிரம் போட்டுக்கொண்டு எவன் துவைப்பான், கோவிந்தண்ணன் கையை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்தப் படத்தை அப்படி எடுத்திருப்பானா, கடைசியில் அவன் டோபி இல்லை ராஜா மகன் என்று தெரிந்த பிறகுதானே ராணி அவன் பக்கம் வருகிறாள் என்று போட்டு உடைத்துவிட்டாள். அவள் அவருடைய கைக்காகத்தான் பேசினாள். ஆனால் வாய்க்கு வாய் தாவி அந்தப் பேச்சு அவரிடம் போய்ச் சேர்ந்தபோது, டோபிக்கு ராணி கேட்குதா என்று பொன்னம்மா சிரித்தாள் என்று ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு பேசவில்லை. எங்கள் துணிகள் முன்பைவிடச் சுத்தமாக வந்தன. அஞ்சலை அத்தைதான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அம்மா ஒருமுறை நேரில் போய் விளக்கப் பார்த்தாள். அவர் கரியை ஊதிக்கொண்டே இருந்துவிட்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு அந்த டோபி படம் பிடித்திருந்தது. அதில் ஒரு கழுதை வரும். மூட்டையை ஏற்றினால் உட்கார்ந்துகொள்ளும், பாட்டு வந்தால் எழுந்துகொள்ளும். மொத்தப் படத்திலும் இயல்பாக நடித்தது அதுதான். அம்மாவிடம் சொன்னேன். கழுதை பொய் சொல்லாது, அதை மட்டும் நான் குறை சொல்லவில்லை என்றாள்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் மதியம், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த என் தாய்மாமன் சின்னையாவின் மனைவி, தலையில் கிழங்கு மூட்டையோடு அத்தனை தூரமும் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூட்டையை இறக்கியதும் அடுப்படியில் சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை. தோட்டத்து ஆண்களுக்கெல்லாம் டவுனில் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பெண்களையும் பிள்ளைகளையும் சேர்க்கவில்லையாம். கொட்டகை நிரம்பியதும் வெளிக் கதவுகளைப் பூட்டினார்களாம். பின்வாசலில் லோரிகள் நின்றதாம். ஒருவரும் திரும்பவில்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், அங்கே கொண்டுபோகிறார்கள் என்று கங்காணி மட்டும் சொன்னாராம். அந்த அத்தை வாய்விட்டு அழ ஆரம்பித்ததும் அம்மா பாய்ந்து தன் முந்தானையால் அவள் வாயை மூடினாள். இரண்டு பேரும் அந்தத் துணிக்குள் சத்தமில்லாமல் அழுததை நான் அரிசி இல்லாத அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். இதுபோன்ற சேதியைப் பரப்பினார் என்று பாசார்ச் சந்தையில் மீன் விற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது எனக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து எங்கள் சந்துக்குள் ஒலிபெருக்கி வண்டி வந்தது. வண்டியில் வந்தவரை எல்லோரும் "துபாசி" என்று சொல்வார்கள். போருக்கு முன் ஏதோ அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர். ஜப்பான் மொழியை வேகமாகக் கற்றுக்கொண்டு அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளராகியிருந்தார். தமிழ் ஆண்களுக்கு மட்டும் வரும் ஞாயிறு பகலில் இலவசப் படம், வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் சீனி என்று அறிவித்தார். என்ன படம் என்றும் சொன்னார். டோபி படம்.

சீனி என்றால் என்ன என்று இன்றைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சந்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் பைப்படியில் அம்மா குடத்தை வைத்துவிட்டு, இந்தப் படத்தைப் பற்றி நான் முன்னேயே சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் ஆகாத படம் என்று ஆரம்பித்தாள். சீனி தருகிறார்களே என்றாள் ஒருத்தி. அப்போது அம்மா தன் வாழ்நாளில் எந்தப் படத்தைப் பற்றியும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"போகாதீங்க. உங்க வீட்டு ஆம்பளைங்களயும் போக விடாதீங்க. படம் நல்லா இல்ல."

தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்தது. யாரும் குடத்தை நகர்த்தவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவளிடமிருந்து கேட்டிராத பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல, ஞாயிற்றுக்கிழமை கிளேபாங் கடற்கரைக்கு உப்புக் காய்ச்சப் போகலாமென்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். எங்கள் வீட்டிலும் உப்பு இல்லை என்றாள் இன்னொருத்தி. ஞாயிறு விடிவதற்குள் அப்பாவும் சந்தின் ஆண்களில் பாதிக்கு மேலும் சட்டி பானைகளோடு கிளேபாங்குக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

கோவிந்தன் மாமா அவர்களோடு போகவில்லை. அஞ்சலை அத்தை இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்ததால் பைப்படிக்கு வரவில்லை. அவர்கள் வீட்டில் அம்மாவின் பெயரை எடுத்துச் சொல்ல மற்றவர்களும் தயங்கினார்கள். சனிக்கிழமை அம்மா இரண்டு தடவை அந்த வீட்டு வாசல்வரை போனாள். அவளைக் கண்டதும் அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறு காலையில், இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே போய்விடுவது என்று, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலில் அவர் ஒரு காக்கிக் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அதைத் தேய்த்து முடிப்பதற்காகத் துபாசி காத்திருந்தார்.

அம்மா நின்றுவிட்டாள். பிறகு சொன்னாள்.

"கோவிந்தண்ணே, அந்தப் படம் வேணாம்ணே. நல்லா இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

"உனக்கு என் படம்னாலே ஆகாது தங்கச்சி. நீ பார்க்காத, விடு. நான் பார்த்துக்கிறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் படத்தைப் பத்தாவது தடவை பார்க்கப் போகிற சந்தோஷம் குரலில் இருந்தது. துபாசி அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சூடு ஆறாத கால்சட்டையை மடித்து வாங்கிக்கொண்டார். வாங்க, நானே கூட்டிக்கொண்டு போகிறேன், முன் வரிசையில் உட்காரலாம் என்றார். மாமா உள்ளே போய், தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சந்தைவிட்டு நடந்தார்கள்.

அம்மா கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே நடந்தாள். கொட்டகைக்கு எதிரே, பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் நாங்கள் நின்றோம். பின்பக்கச் சந்தில் தார்ப்பாய் போட்ட லோரிகளின் மூக்குகள் தெரிந்தன. உள்ளே படம் ஓட ஆரம்பித்தது. டோபியின் பாட்டு வெளியில் தெருவரைக்கும் கேட்டது. பாதிப் பாட்டில் நின்றது. ரீல் அறுந்திருக்கும் என்று நான் நினைத்தேன். ஒட்டி மறுபடி போடும் நேரம் ஆயிற்று, போடவில்லை. பிறகு பெஞ்சுகள் உருளும் சத்தமும், யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தமும், லோரிகள் உறுமும் சத்தமும் கேட்டன. அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. கடைசிவரை அவளும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலையில் அம்மாவைக் கொட்டகை வாசலுக்கு வரச் சொன்னார்கள். காஜா பேராங்கிலிருந்து எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை; யார் தடுத்தது என்று கேட்டபோது துபாசிக்குத் தான் காதால் கேட்டது ஞாபகம் வந்திருக்கிறது. அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடாமலே பீபிக்கும் தன் நல்ல கெபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

படத்துக்குப் போகாதே என்று சொன்னாயா என்று துபாசி கேட்டார். சொன்னேன் என்றாள். ஏன் என்றார். படம் நன்றாக இல்லை என்றாள். என்ன நன்றாக இல்லை என்றார். அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நனையாத துணி, அஞ்சு மோதிரம், கையில் காய்ப்பு இல்லாத டோபி, எதற்கெடுத்தாலும் மயங்கும் ராணி, தேவையில்லாத ஆறு பாட்டு என்று பைப்படியில் முன்பு சொன்ன அதே வரிசையில், ஒன்று விடாமல் சொன்னாள். துபாசி அதை எப்படி ஜப்பான் மொழியில் சொன்னாரோ தெரியாது. அதிகாரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். புதிதாகக் கட்டிய கதை என்று துபாசி சொல்லத் தொடங்கியபோது பீபிக் ஓரடி முன்னால் வந்தார்.

"டாரி டூலு டியா சக்காப் பகினி," என்றார். அப்போதிருந்தே இவள் இப்படித்தான் சொல்கிறாள். ஒரு வருஷத்துக்கு முன் என் காதில் சொன்னாள், ஊரே கேட்டது, வேண்டுமானால் கம்போங் செட்டியில் எந்த வீட்டிலும் விசாரியுங்கள் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் தெரிந்திருந்தது. துபாசியைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு துபாசி, அது நல்ல படம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை சொல்லிவிட்டு நீ வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

"அது எனக்கு வராதுங்க," என்றாள் அம்மா. "நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு சொல்ல வராது."

அறை விழுந்த சத்தம் எதிர்க் கடைச் சுவரில் பட்டுத் திரும்பியது. பொழுது சாயும்வரை அவளை வெயிலில் நிற்க வைத்தார்கள். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள், பிடிக்க யாரையும் விடவும் இல்லை. பீபிக்கும் நானும் கடை நிழலில் நின்றோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிரார்த்தனை என்று நினைத்தேன், பக்கத்தில் போனபோது வசவு என்று தெரிந்தது.

அன்று இரவு அப்பா அவள் கன்னத்துக்கு ஈரத்துணி வைத்துக்கொண்டே, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்றார். அம்மாவின் உதடு வீங்கியிருந்தது. மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"அந்தப் படத்தக் காட்டித்தான் கோவிந்தண்ணனக் கொண்டுபோனானுங்க. அத நான் நல்ல படம்னு சொல்லணுமா?"

அப்பா ஈரத்துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து வைத்தார்.

துபாசி நினைத்திருந்தால் அன்றைக்கு அம்மாவை லோரியில் ஏற்றியிருக்கலாம், அதிகாரியிடம் ஏதோ நல்ல வார்த்தை சொல்லித்தான் வெயிலோடு விட்டார் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். சொல்லியிருக்கலாம். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். எலும்பும் புண்ணுமாக, தங்கள் பெயரையே யோசித்துச் சொல்கிறவர்களாக வந்தார்கள். கோவிந்தன் மாமா வரவில்லை. என் தாய்மாமனும் வரவில்லை. அஞ்சலை அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். சாம்பல் தண்ணீரில் இப்போது வெந்தவை அவளுடைய விரல்கள். அம்மா எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். உனக்குத் தெரிந்திருந்தும் என் புருஷனிடம் சொல்லவில்லையே என்று அவள் கேட்டுவிட்டால்கூடத் தேவலை என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

கொட்டகையை வெள்ளையடித்து மறுபடி திறந்தார்கள். புதுப் படங்கள் வந்து சேராததால் பழையதையே போட்டார்கள், டோபி படத்தையும் போட்டார்கள். அன்று காலை அஞ்சலை அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவர் பத்துத் தடவை போனாரே, அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றாள். அவள் அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாங்கள் நாலு பேர் போனோம். பீபிக் வழக்கம்போல முழங்கையை இடித்தார். அம்மா திரையில் பேசியதை மட்டும் மலாயில் சொன்னாள், தன்னுடையதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு பாதியில் நின்ற இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு முழுவதும் ஓடியது. அஞ்சலை அத்தை முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தாள்.

திரும்பி நடக்கும்போது அம்மா பேசினாள்.

"அன்னைக்கு நான் வெளிப்படையாச் சொல்லியிருக்கணும் அஞ்சலை. அந்த ஆளு பக்கத்துல இருந்தான். பயந்துட்டேன்."

கம்போங் செட்டி முனைவரை அஞ்சலை அத்தை முன்னால் நடந்தாள். அங்கே நின்றாள்.

"சொல்லியிருந்தா உன்னையும் ஏத்தியிருப்பானுங்க, இந்தப் பிள்ளையையும் ஏத்தியிருப்பானுங்க," என்றாள். பிறகு கேட்டாள்: "அந்த ராணி ஏன்க்கா வாசல்லயே நிக்கிறா? மனசுல வெச்சவன மாசக்கணக்காக் காணோம், பாட்டுப் பாடிக்கிட்டு நிக்கிறா. நான் ரெண்டு பிள்ளைங்களயும் தூக்கிக்கிட்டு ஆறு மாசம் டேசன் டேசனா அலஞ்சேன். வந்தவங்க ஒவ்வொருத்தர் முகமாப் பாத்தேன். படம் எடுத்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா?"

பிறகு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சினிமாவைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் மேடையில் பேசியும் கேட்டிருக்கிறேன். அஞ்சலை அத்தையின் கேள்விக்குப் பக்கத்தில் வந்தது ஒன்றுமில்லை.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தக் கதையில் வந்த பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கடலைத் தூர்த்து எழுப்பிய பண்டார் ஹிலிர் அங்காடிகளுக்குள், குளிரூட்டிய சின்னச் சின்னக் கொட்டகைகள் ஒரு டஜன் இருக்கின்றன. அவற்றில் ஓடுகிறவையும் எனக்கு அநேகமாகப் பிடிப்பதில்லை, அதையும் சத்தமாகத்தான் சொல்கிறேன். போன மாதம், ஊரின் பழைய படக்கொட்டகைகளைப் பற்றி மலர் வெளியிடப் போவதாகச் சில இளைஞர்கள் வந்து கட்டுரை கேட்டார்கள். இதை எழுதிக் கொடுத்தேன். நாலு நாளில் திரும்பி வந்து, மூட்டைப்பூச்சியும் திரைத் தையலும் மிகவும் நன்றாக இருக்கின்றன, அந்த லோரி விஷயத்தை மட்டும் எடுத்துவிடலாமா, மகிழ்ச்சியான மலராகத் திட்டமிட்டிருக்கிறோம் என்று பணிவாகக் கேட்டார்கள். தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஒரு வரியையும் எடுக்கவில்லை, இன்னும் சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கப் போய் வராதவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள்: டோபி கோவிந்தன். எங்கள் சந்துக் கோடி வீட்டு முனியன், அவருடைய தம்பி வேலு. சைக்கிள் கடை ராமையா. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவர்; அவரை எல்லோரும் "கட்டையன்" என்றுதான் கூப்பிட்டார்கள், அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.